துண்டு போட்ட சீட்டும் இல்லாத நியாயமும்

சீசன் கூட்டம். தென்காசியில் குற்றாலம் பஸ்சின் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். உள்ளே போனால், என் துண்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தெரு அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார்.

“இது நியாயமா அண்ணாச்சி?”

“நியாயம் அநியாயம்லாம் நாமளா கட்டிவிட்டது வே. அப்படி ஒண்ணு உலகத்துல கிடையாது.”

மேலகரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். அண்ணாச்சி சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்.

“இப்ப மட்டும் நியாயம் எங்கன இருந்து வந்துச்சு?”

“நியாயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளைக்காரிய நிக்க விடக் கூடாதுல்லா?”

“கூடாதுன்னு யாரு சொன்னா?”

துண்டை என் தோளில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நியாயத்தை முழுசாக நம்புகிற நான் அங்கே உட்கார்ந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஜன்னலில் மலை ரொம்ப அழகாகத் தெரியும்.