தோள்பட்டையில் ஒரு மைப்புள்ளி

பஸ் டிரைவர் கோவிந்தசாமியை நடிகன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதற்குச் சாட்சி என் கையிலிருந்த அளவுநாடா. தோள்வலிக்காரர் கையைத் தூக்கும்போது தோள்பட்டை எலும்பு எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது, மருத்துவ மாணவியான எனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த வேலை. வலியைச் சொல்லியும் நம்பப்படாதவர்களே, என் கோபம் உங்களுக்குப் புரியும்.

ஒரு தோள், இரண்டு அளவு

யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் மயிலாப்பூர் – கிண்டி பஸ் கரியில் ஓடியது. பஸ்ஸின் பின்னால் மாட்டிய கரி அடுப்புக்குக் காற்றடிக்கும் விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றிக் கோவிந்தசாமிக்கு வலது தோள் போயிற்று. டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். நிஜ வலிதானா என்று பார்க்க பஸ் முதலாளி எங்களிடம் அனுப்பினார்.

கை தொங்கும்போது எலும்பின் கீழ்முனையில் மைப்புள்ளி வைத்தேன். கையைத் தூக்கச் சொல்லி, முதுகுத்தண்டிலிருந்து புள்ளிவரை அளந்தேன். கம்பவுண்டர் அதை அழித்து, தானே ஒரு புள்ளி வைத்து அளந்தார். ஒரு அங்குலம் வித்தியாசம்! மெய்யான வலி என்றால் அளவு மாறாதாம். பெரிய டாக்டர் ‘நடிப்பு’ என்று எழுதிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையை மாட்டிய கோவிந்தசாமி கேட்டார்: “இன்னாம்மா இது? புள்ளி வெச்சது நீங்க, அளந்தது நீங்க. நான் எங்கம்மா நடிச்சேன்?”

தைலம் தேய்க்கிற கை

அடுத்த வாரம் ஒரு மயிலாப்பூர் மாமி, துணைக்கு மருமகளோடு, அவர் வாய்க்கு நாட்டுப்பெண்ணோடு, வந்தார். மாமி கையைத் தூக்க, நான் புள்ளியில் நாடாவை வைத்தேன். தினமும் அந்த முதுகில் தைலம் தேய்க்கிற நாட்டுப்பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. என் விரலைப் பிடித்துப் புள்ளிக்கு அப்பால் அழுத்தினாள். அங்கே இருந்தது எலும்பு. “எலும்பு நகர்ந்து இங்க வந்துடுத்து. நீங்க வெறும் தோலை அளந்துண்டிருக்கேள்!”

பெரிய டாக்டரின் முதுகு

வாதாடினேன். “வலியில்லாத உங்கள் தோளைக் கொடுங்கள், ஸார்” என்றேன். வீம்புக்குச் சட்டையைக் கழற்றினார். ஒருவர் அளவை மற்றவர் பார்க்காமல் நானும் கம்பவுண்டரும் புள்ளி வைத்து அளந்தோம்: முக்கால் அங்குலம் வித்தியாசம். புள்ளியை அழித்துவிட்டு, கை தூக்கிய பிறகும் எலும்பை விரலால் தேடிப் பிடித்து அளந்தோம்: ஒரு நூல்கூட விலகவில்லை. “அப்படியானால் நீங்களும் நடித்தீர்களா, ஸார்?” என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னார்: “வாயை மூடு. அந்த ஆளைக் கூப்பிட்டு மறுபடி அள.”

பதில்

மூன்று நாட்கள், இரண்டு பேர் கைகள், ஒரே அளவு. கோவிந்தசாமியின் இடது எலும்பு நகர்ந்த தூரத்தில் பாதிகூட வலது நகரவில்லை. ‘வலி மெய்’ என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டை நானே முதலாளிக்கு அனுப்பிவைத்து, ஏதோ ஜெயித்துவிட்டதாக அசடுபோல் காத்திருந்தேன். தபால் கார்டில் பதில் வந்தது: “வலி பொய் என்றதால், நாணயமில்லாதவன் என்று நீக்கினோம். மெய் என்று தாங்களே இப்போது நிரூபித்துவிட்டபடியால், உடம்பு லாயக்கில்லாதவன் என்று நீக்குகிறோம்.”