காசு கொடுத்து வாங்கிய பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் என் மானம் போனது. நீங்கள் யாரும் வரவில்லை என்பதுதான் ஆறுதல்.

என் மனைவி அடையாறு வீட்டில் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறாள். மாணவிகளின் ஆண்டு விழா. ஏழு வயது வர்ஷாவுக்கு முதல் மேடை. வழக்கமாகப் பாடும் மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டதால், பாட்டை ஆன்லைனில் வாங்கும் பொறுப்பு என் தலையில்.

அது என்ன பெரிய வேலையா? வாங்கிப் பாருங்கள், தெரியும். ஒரு தளம், எந்தப் பாட்டு என்று கேட்பதற்கு முன் என் மூடு எப்படி என்று கேட்டது. இன்னொன்றில் விற்பனையே கிடையாது. எல்லாம் மாத வாடகை. மூன்றாவது, 'டவுன்லோட் உண்டு' என்றது. உடனே சந்தா கட்டினேன். பச்சை டிக் விழுந்தது. போனில் தேடினால் பாட்டைக் காணோம்! ஆப்புக்குள்தான் இருக்குமாம். வெளியே அனுப்ப மாட்டார்களாம்... வயசுக்கு வந்த பெண் பாருங்கள்.

சந்தா கட்டிய கையோடு நம் ஆட்கள் என்ன செய்வோம்? பாஸ்வேர்டைச் சொந்தபந்தத்துக்கெல்லாம் பிரசாதம் மாதிரி விநியோகிப்போம். நானும் செய்தேன். மாம்பலம் சித்தியிலிருந்து பெருங்குடி மைத்துனன் வரை ஒரே அக்கவுன்ட்.

விழா நாள். வர்ஷா ஒரு காலைத் தூக்கி நின்றாள். பாட்டு நின்றது.

'உங்கள் கணக்கில் வேறொரு போனில் பாட்டு ஓடுகிறது' என்றது ஆப். பிளேயை அழுத்தினேன். இரண்டு வரி ஓடி, மறுபடி நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி... குழந்தையின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"அந்த போனைக் கீழ வைங்க," என்றாள் மனைவி. தட்டுக்கழியை எடுத்துத் தாளம் போட்டு, அந்தக் கட்டைத் தொண்டையிலேயே பாட ஆரம்பித்தாள். வர்ஷா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசி வரை ஆடி முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

கைதட்டல் அடங்குவதற்குள் போன் அடித்தது. பெருங்குடி மைத்துனன்.

"மாமா, நிம்மதியா ஒரு பாட்டு கேக்க முடியல. எவனோ நடுவுல நடுவுல பூந்து கட் பண்ணிக்கினே இருக்கான். மொதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க."

மாற்றிவிட்டேன். புது பாஸ்வேர்டு என்ன என்று அவன் நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.