ராக்காயி தூக்கி வைத்த பாட்டில்

ராக்காயிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அறுபத்து நாலாம் வருஷம், கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், அப்பேர்ப்பட்டவளைப் பத்து நாள் ஒரு பாட்டிலுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவள் புருஷன் மலைச்சாமி, மேல்மலையில் பூண்டு போடுகிறவர். புற்றுநோய் என்று நுரையீரலில் ஒரு பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தைப் பட்டு நூலால் தைத்திருந்தார்கள். விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, தரையிலிருந்த பாட்டில் தண்ணீரில் முங்கியிருந்தது. தையலில் காற்று கசிந்தால் குமிழி வரும். வந்துகொண்டே இருந்தது. பத்து நாளில் நிற்காவிட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் பெரிய டாக்டர். இன்னொரு வெட்டை அந்த உடம்பு தாங்குமா?

பக்கத்துக் கட்டில் தண்டாயுதபாணி, பழனியில் விபூதிக்கடைக்காரர். அவருக்கும் அதே வெட்டுத்தான். ஆனால் காகிதத்தில் பின் ஊசி அடிப்பது போல, புதிதாக வந்த ஒரு கருவியால் கம்பிகளை வரிசையாக அடித்து மூடியிருந்தார்கள். மூன்றாம் நாளே அவர் பாட்டில் அடங்கிவிட்டது.

"என்ன தாயி, உங்க வீட்டு உலை இன்னும் கொதிக்குதாக்கும்?" என்றார் அவர்.

"கொதிச்சா உங்களுக்கென்ன? உங்க சோலியப் பாருங்க."

டாக்டர் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு இரும்பு, எங்க ஆளுக்கு நூலா? மலைக்காரன்னா இளப்பமா சாமி?"

"இல்லம்மா. அந்தக் கருவி பெருசு. இவருக்கு வெட்டின மூலைக்குள்ள அது நுழையல. எது நல்லா மூடுதுன்னு நாங்களே இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ரெண்டு பேரை வச்சுச் சொல்லிர முடியாது."

அவள் நம்பவில்லை. வராந்தாவுக்குப் போவாள், வருவாள், குனிந்து பார்ப்பாள், மறுபடி போவாள்.

ஏழாம் நாள் வெள்ளனே தரையைக் கழுவிவிட்டுப் போனார்கள். மேல்மலையில் பூண்டை யாரும் தரையில் விடமாட்டார்கள். ஈரம் ஏறினால் அழுகிவிடும். பரணில்தான் கட்டித் தொங்கவிடுவார்கள். பாட்டில் ஈரத்தில் கிடப்பதால்தான் புண் ஆறவில்லை என்று அவளுக்குப் பட்டது. பாட்டிலைத் தூக்கித் தலைமாட்டு அலமாரியின்மேல் வைத்தாள்.

குமிழி நின்றது. "நின்னுருச்சு!" என்று கத்தினாள்.

மறுகணம் குழாயில் தண்ணீர் அவர் நெஞ்சை நோக்கி ஓடியது. நர்ஸ் விசாலாட்சி பாய்ந்து வந்து குழாயை மடக்கிப் பிடித்து, பாட்டிலைக் கீழே இறக்கினாள்.

"நெஞ்சுக்கு மேல தூக்கினா தண்ணி உள்ள போயிரும்மா! ஆளையே கொன்னுருப்பீங்களே!"

குமிழி திரும்பவும் வந்தது. அதன்பின் ராக்காயி வராந்தாவுக்குக்கூடப் போகவில்லை. அதே ஈரத் தரையில் உட்கார்ந்து பாட்டிலை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கூட்டுகிறவளைக்கூட அண்டவிடவில்லை.

பத்தாம் நாள் காலை மலைச்சாமி இருமினார். தண்ணீர் ஏறி இறங்கியது. குமிழி இல்லை.

"இன்னொருக்கா இருமுங்க."

இருமினார். இல்லை.

"இன்னொருக்கா."

"ஏ கழுதை, தையலப் பிச்சிருவ போலிருக்கே!"

"டாக்டர் வந்தா இருமச் சொல்லுவாருல்ல? பழகிக்கங்க."

டாக்டர் வந்து பார்த்தார், இருமச் சொன்னார். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, இரண்டு நாளில் குழாயை எடுத்துவிடலாம் என்றார்.

"நூலுக்கும் நின்னுருச்சே தாயி!" என்றார் தண்டாயுதபாணி.

"நின்னுச்சு. ஏழு நாள் பிந்தித்தான நின்னுச்சு" என்றாள் ராக்காயி, பாட்டிலிலிருந்து கையை எடுக்காமல்.