புளியில்லாத செப்டெம்பர்

எழுபதுகளில் மெல்பேர்னில் வசந்தம் தொடங்கினாலே எனக்குத் தலையிடி வந்துவிடும். ஒரு செப்டெம்பரில் மனைவி என்னைச் சீன வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வசந்தம் ஈரலின் காலம், கோபத்தை விழுங்கினால் ஈரல் இறுகித் தலை இடிக்கும் என்றார். கசப்பு வேர்களைப் பொதிகட்டித் தந்து, புளிப்பைக் குறைக்கவும் சொன்னார்.

"கோவத்துக்கு நீங்கள் எங்க போறது? ட்ராமில ஆராவது காலை மிதிச்சாலும் நீங்கள்தானே சொறி எண்டு மன்னிப்புக் கேக்கிறனீங்கள்," என்றாள் மனைவி, திரும்பும் வழியில்.

கசாயத்தைக் குடித்தேன். தலையிடி அசையவில்லை. மனைவியோ ஊரிலிருந்து வந்த புளியை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். நாள்தோறும் புளியில்லாத மீன்குழம்பு. ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கத்தினேன்.

"இதென்னப்பா, குழம்போ சுடுதண்ணியோ? மனிசன் தின்னுறதோ இதை?"

அவள் கைகொட்டிச் சிரித்தாள். "ஐயோ, உங்களுக்குக் கோவம் வந்திட்டுது! அந்த வைத்தியர் கெட்டிக்காரன்தான். இனி வசந்தம் முடியுமட்டும் புளி இல்லை."

அன்று மாலையே தலையிடி விட்டுப்போயிற்று. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த வசந்தத்திலும் புளி மேல்தட்டுக்குப் போயிருக்கும்.