கன்னையா வைத்த சந்தனப் பொட்டு

மலேசியாவில் கிள்ளானுக்கு வெளியே ஒரு பழைய பாலம். அதன் அடியில் நாளுக்கு மூன்று தடவை குனிந்து பார்ப்பதுதான் கன்னையாவுக்கு வேலை. பாலத்தின் உத்தரத்தில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. அதன் குறுக்கே கடிகாரம் போல ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். விரிசல் மயிரிழை விரிந்தாலும் முள் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். காலை, நண்பகல், மாலை, முள் காட்டும் எண்ணை நோட்டில் எழுதி, காப்பிக் கடை போனில் பெட்டாலிங் ஜெயா ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் பாலம் தாங்குமா என்று இன்ஜினியர் மீனலோசனி முடிவு செய்வார். அதுவரை லோரிகளுக்குத் தடை. பஸ்ஸும் காரும் மட்டும் போகலாம்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பதினெட்டு வருஷம் வெயிலில் தார் ஊற்றிய மனுஷன் இப்போது நிழலில் நின்று பென்சில் பிடிக்கிறார், அவருக்கென்ன குறை? "காலையில நாப்பத்திரண்டு, சாயங்காலம் நாப்பத்தாறு. பஸ் போனா ஒரு துடிப்பு. நல்லா மூச்சு விடுதுலா," என்று மனைவி நல்லம்மாளிடம் தினமும் ஒப்பிப்பார். அந்த மாதம் அவர் வேலையை நிரந்தரமாக்கப் போவதாகவும் பேச்சு.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஆயுத பூஜை வந்தது. சோறு போடுகிற கருவியை விட்டுவிட்டு வேறு எதற்குப் பொட்டு வைப்பார்? நண்பகல் எண்ணை எழுதினார், நாற்பத்து நான்கு. பிறகு குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். மாலையிலும் நாற்பத்து நான்கு. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே எண்தான்.

கன்னையா உருகிப்போனார். "ஆத்தா பூஜைய ஏத்துக்கிட்டா! விரிசல் நின்னு போச்சு!"

"அப்ப அந்த மூச்சு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு நல்லம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எண் ஏறாததை நம்பி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லோரித் தடையை நீக்கும் கடிதத்தோடு மீனலோசனி வருவதாக இருந்தது. காலையில் கன்னையா உத்தரத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். மேலே பஸ் போனது. கை அதிர்ந்தது, முள் அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். முள்ளைத் தள்ளும் கம்பியைச் சந்தனம் காய்ந்து இறுகப் பிடித்திருந்தது.

சொன்னால் நிரந்தரம் போகும். இருக்கிற வேலையும் போகலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் சுரண்டிவிட்டு, விரிசல் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் நல்லவர்தான், ஆனாலும் அரை மணி நேரம் அந்த யோசனையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். நோட்டைப் புரட்டினார். வரிசையாக நாற்பத்து நான்குகள், அவர் கையெழுத்தில். பார்த்துத்தான் எழுதினார், இருந்தும் பொய். அந்தப் பொய்யின் மேல் லோரிகள் ஏறப்போகின்றன.

மீனலோசனி செந்தூலில் பிறந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். முப்பது வயதிருக்கும். அவர் காரிலிருந்து இறங்குவதற்குள் கன்னையா எதிரே போய் நின்றார்.

"மிஸ், அந்த நம்பர நம்பாதீங்க. நான்தான் சந்தனம் வச்சேன். முள்ளு மாட்டிக்கிச்சு."

மீனலோசனி பாலத்தடிக்குப் போய், கைக்குட்டையை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தார். முள் விடுபட்டு ஓடி ஐம்பத்து மூன்றில் நின்றது. விரிசல் நின்றிருக்கவே இல்லை.

கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் போடுற கையெழுத்து உங்கட கண்ணை நம்பித்தான், அண்ணை," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கன்னையாவுக்கு.

தடை நீடித்தது. உத்தரத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, விரிசலைச் சரிசெய்து, கருவியைத் திரும்பப் பொருத்த ஏழு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் லோரிகளை விட்டார்கள். மீனலோசனி அறிக்கையில் சந்தனத்தையும் எழுதினார், அதைத் தானாக வந்து சொன்னவர் யார் என்பதையும் எழுதினார். நிரந்தர வேலைக் கடிதம் தாமதமாக வந்தது, ஆனால் வந்துவிட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கன்னையா கருவிப் பக்கம் சந்தனத்தைக் கொண்டுபோகவே இல்லை. மீனலோசனிதான் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார்.

"ஐயோ மிஸ், கருவிக்கா?"

"அதுக்கு வைக்காதேங்கோ. உங்களுக்குத்தான். இந்தப் பாலத்தைக் காக்கிற ஆயுதம் நீங்கள்தானே."

கன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு முள்ளைப் பார்க்கக் குனிந்தார். மேலே ஒரு லோரி போனது. முள் லேசாகத் துடித்து, பழைய இடத்துக்கே திரும்பியது.