இரண்டு நாற்காலிக்கு நடுவில் ஒரு மீன்தொட்டி

அந்த முடிதிருத்தும் கடையில் இரண்டு நாற்காலிகள். இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. வருகிறவர்கள் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருவருக்கும் பேச்சு நின்று பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு நாள் சின்னவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது கத்தி லேசாகப் பட்டு, நாற்காலியில் இருந்தவரின் தாடையில் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப்பார்த்தது. கடை நிறைய ஆட்கள். பெரியவர் தன் இடத்தில் நின்றபடியே, "இருபது வருஷமா கத்தி பிடிக்கிறான், இன்னும் பென்சில் சீவுற மாதிரிதான் பிடிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவர் சிரிக்கவில்லை. அன்றோடு சரி.

அதன்பிறகு பேச்செல்லாம் வாடிக்கையாளர் வழியாகத்தான். "பவுடர் தீர்ந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பார் பெரியவர், முகம் முழுக்க நுரையோடு மல்லாந்து கிடக்கும் ஆளிடம். அவரும் பாவம், நுரை வாய்க்குள் போய்விடாமல் உதட்டைக் குவித்து அதைப் பக்கத்து நாற்காலிக்குக் கடத்துவார்.

இந்த நிலையில்தான் மீன்தொட்டி வந்தது. வேலை மாற்றலாகிப் போன வங்கி அதிகாரி ஒருவர், சாமானோடு சாமானாக ஏற்ற முடியாது என்று கடையில் கொடுத்துவிட்டுப் போனார். பிளாஸ்டிக் செடி நட்ட தொட்டி இல்லை அது. மணலில் வேர்விட்டு, ரிப்பன் போல நீண்டு மேலே வந்து வளைந்து மிதக்கும் செடிகள். ஒரு மரக்கட்டையில் நூலால் கட்டிவைத்த, தடித்த இலைச் செடி. ஊடே எட்டுச் சின்ன மீன்கள்.

"வாரத்துக்கு அஞ்சு சொட்டு உரம். லைட்டு எட்டு மணி நேரம். மீனுக்குத் தினம் ஒரு சிட்டிகை தீனி. ரெண்டு பேரும் பாத்துக்கோங்க" என்றார் அவர். ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டதுதான் வினையாகிப் போனது.

காலை ஏழு மணிக்குக் கடை திறப்பவர் பெரியவர். முதல் வேலையாக விளக்கைப் போடுவார், தீனி போடுவார். திங்கட்கிழமை என்றால் எண்ணி ஐந்து சொட்டு உரம். பழுத்த இலை தெரிந்தால், முடிவெட்டி ஓய்ந்த ஒரு மெல்லிய கத்தரிக்கோலைத் தண்ணீருக்குள் விட்டு அடியோடு நறுக்கி எடுப்பார். பிடரி முடியை ஒதுக்குகிற அதே நிதானம். அந்தக் கால்மணி நேரம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே யார் வழியாகவும் பேச வேண்டியதில்லை.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு இலைகளின் விளிம்பில் பச்சை நூல் போலப் பாசி முளைத்தது. துடைத்தால் இரண்டே நாளில் மறுபடி. உரம் போதவில்லை போலும், செடி தளர்ந்துவிட்டது என்று அவர் ஐந்தை ஏழாக்கினார். உர பாட்டில் வேறு மளமளவென்று இறங்கியது. ஒழுகுகிறது என்று நினைத்து மூடிக்கு டேப் சுற்றினார். தண்ணீர் நாளுக்கு நாள் பச்சைபிடித்து, பின்பக்கச் சுவரே தெரியாமல் போனது.

எதிர்ச்சாரியில் தையல்கடை வைத்திருப்பவர் ஒரு வெள்ளிக்கிழமை முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். மிஷினில் உட்கார்ந்தால் இந்தக் கடையின் கண்ணாடிக் கதவுதான் அவருக்கு சினிமா. "ஒண்ணு கேக்கணும் பெரியவரே. திங்கக்கிழமை காலையில நீங்க அந்த உர பாட்டிலைக் கவுக்கறீங்க. சாயங்காலம் நீங்க போனதும் சின்னவர் கவுக்கறார். மீனுக்கும் ரெண்டு வேளை. அந்தத் தொட்டி என்ன உண்டு கொழுக்கவா வந்துருக்கு?"

பெரியவரின் கத்தரிக்கோல் காதோரம் அப்படியே நின்றது. பக்கத்து நாற்காலியிலும் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது எட்டு மீனும் தண்ணீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பாதித் தண்ணீரையாவது உடனே மாற்றியாக வேண்டும். பெரியவருக்கு வலது தோள்பட்டை தூக்க முடியாத வலி. ஒரு வாளி தூக்கினாலே மூச்சு முட்டும். கைப்பேசியில் அந்த எண்ணைத் தேடி எடுத்தார். இரண்டாவது மணியிலேயே தம்பி எடுத்துவிட்டார்.

"கடைக்கு வாடா. மீனுங்க சாகப்போகுது."

பத்து நிமிடத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சின்னவர் வந்து நின்றார். பெரியவர் தொட்டித் தண்ணீரை வாளியில் இறக்கும் ரப்பர் குழாயைப் பிடிக்க, தம்பி வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்.

"எத்தனை சொட்டு போடுறே?" என்றார் தம்பி, தொட்டியைப் பார்த்தபடியே.

"அஞ்சு. இப்போ ஏழு."

"நானும் அஞ்சு. பாசி வந்ததும் பத்து."

"லைட்டை மத்தியானம் நீதான் அணைக்கணும்னு இருந்தேன்."

"நீ போட்டது, நான் ஏன் அணைக்கணும்னு விட்டுட்டேன். ராத்திரி கடை சாத்தும்போதுதான் அணைப்பேன்."

கணக்குப் பார்த்தால் பதின்மூன்று மணி நேர வெளிச்சம். பெரியவருக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. தம்பியும் சிரித்தார், ஆனால் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பெரியவர் குழாயிலிருந்து சொட்டிய நீரைத் துணியால் துடைத்தார். சமாதானம் சொல்ல நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "கூடாதுதான்" என்றார்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரைக் கேட்டதில், உரத்தை நிறுத்து, தீனியை நிறுத்து, மூன்று நாள் தொட்டியில் துளி வெளிச்சம் படக்கூடாது என்றார். முடிவெட்டும்போது போர்த்துகிற கறுப்புத் துணிகள் இரண்டை எடுத்து இழுத்துப் போர்த்தினார்கள். வந்தவர்களெல்லாம், "இவருக்குக் கட்டிங்கா, ஷேவிங்கா?" என்று கேட்டு உயிரை எடுத்தார்கள்.

நான்காம் நாள் துணியை விலக்கினார்கள். தண்ணீர் தெளிந்திருந்தது. ஆறு மீன்கள்தான் மிச்சம். மரக்கட்டைச் செடியில் பாதி இலை கறுத்து உதிர்ந்திருந்தது. ரிப்பன் செடி மட்டும் அடியிலிருந்து மணலோடு ஒரு கொடியை ஓட்டி, அதன் நுனியில் விரல்நகம் அளவுக்கு ஒரு புதுக் குட்டிச் செடியை நட்டிருந்தது. உரமும் தீனியும் இனி பெரியவர் பொறுப்பு. விளக்கும் தண்ணீரும் தம்பிக்கு.

அன்று மாலை வீட்டில், கைகால் கழுவிக்கொண்டே பெரியவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார், பெரிய செய்தி சொல்கிற தோரணையில். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். சனிக்கிழமையே அவ சொல்லிட்டா."

"எவ?"

"உங்க தம்பி பொண்டாட்டிதான். நாங்க என்ன, உங்களை மாதிரியா? தினம் மத்தியானம் பேசுவோம்."