SAAPTACHA எண்டு அடிக்க வச்ச கோபாலண்ணை

கோபாலண்ணை போயிட்டார். காலமை அவற்ற மகள் ஃபோன் எடுத்துச் சொன்னா...

எழுபதுகளில, இந்த வெள்ளைக்கார நாட்டில, டவுன்டவுன் இன்சூரன்ஸ் ஒப்பீஸ் ஒண்டில எனக்குப் பக்கத்து மேசை. மதுரைக்காரர். நான் யாழ்ப்பாணத்துப் பெட்டை, வேலைக்குப் புதுசு, இன்னும் நிரந்தரமாக்கேல்லை.

என்ர முதல் கொம்ப்யூட்டர் புறோகிராம் நல்லா ஓடும்... பாதியில பொத்தெண்டு விழும். பூச்சியத்தால பிரிச்சிட்டுதாம்!

பிரிக்க முதல் பூச்சியமோ எண்டு பாக்க நான் மறந்திட்டனாம், மனேஜர் சொல்றார். ஐயோ, அந்த வரியை எழுதினனான்! வெள்ளிக்கிழமைக்கிடையில சரிவராட்டி வேலை இல்லை எண்டிட்டார். வோஷ்றூமுக்குள்ள போய் நிண்டு அழுதன்.

கோபாலண்ணை என்ர புறோகிராம் குத்தின கார்ட் கட்டை வாங்கிப் பாத்தார். "ஏம்மா, உன் மேல தப்பே இல்ல. இந்த கம்பைலர்தான் அதிகப்பிரசங்கி."

உண்மைதான். நாங்கள் எழுதுறதை மெஷினுக்கு விளங்கிற மாதிரி மாத்திக் குடுக்கிறதுதான் கொம்பைலர்; வேகமா ஓட வைக்கிறன் எண்டு, அது பிரிக்கிற வேலையைத் தூக்கி என்ர பூச்சியச் செக்குக்கு முன்னால வச்சிட்டுது. அந்த வேக வசதியை நிப்பாட்டினா விழாது... ஆனா விடிஞ்சாலும் ஓடி முடியாது.

என்ன நடக்குது எண்டு பாக்க, இடையில ஒரு பிரிண்ட் வரி போட்டம். அட, விழேல்லை! எடுத்தா விழுது, போட்டா ஓடுது. அது குறுக்க நிண்டா கொம்பைலரால ஒண்டையும் முன்னுக்குத் தள்ள ஏலாது.

"அங்கேயே இருக்கட்டும்" எண்டார் அண்ணை. அந்த வரியில என்னத்தை அடிக்க விடுறது? அவற்ற வாயில எப்பவும் வாறது ஒண்டுதான்... SAAPTACHA.

ரிப்போர்ட்டைப் பாத்த மனேஜர், இது என்ன எண்டு கேட்டார். "சேஃப்டி செக், சார்." அண்ணை முகம் கோணாமல் சொல்ல, சிரிப்பை அடக்கப் போய் எனக்கு இருமல் வந்திட்டுது. வேலை தப்பிச்சுது!

பிறகென்ன... ஆற்ற புறோகிராம் விழுந்தாலும் வெள்ளைக்காரர் உடன SAAPTACHA போட்டுப் பாப்பினம். திருத்தின கொம்பைலர் வந்தாப் பிறகும் அதை எடுக்க ஒருத்தருக்கும் துணிவில்லை.

போன கிழமை ஃபோனிலயும் அண்ணை கேட்ட முதல் கேள்வி அதுதான். ஓம் எண்டு பொய் சொன்னன். "என்ன கறி?" எண்டார். பிடிபட்டிட்டன்.

காலமை மகள் அழுது முடிக்க, என்ர வாயில முதல் வந்தது என்ன தெரியுமோ?

"சாப்பிட்டாச்சோ பிள்ளை?"

இல்லையாம்.

அண்ணைக்குப் பிடிச்ச இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு மல்வேர்னில இருக்கிற அவற்ற வீட்டுக்கு வெளிக்கிடுறன். உங்கட வீட்டில ஒருத்தரையும் பசியோட இருக்க விடமாட்டன், அண்ணை. போயிட்டு வாங்கோ.